அப்பாவின் பகிடியும் மூத்தமகளின் கொப்பியும்

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பது நம்மவர் வாக்கு. இதைச் சொன்னவர்கள் மகனை மனதில் வைத்தே சொல்லியிருக்கவேண்டும். மகள் தாயின் உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் தகப்பனானவர் அவளுடன் எவ்வாறு பேசுவது, எதைச் சொல்லிச் சிரிப்பது என்பது பற்றி அந்த வாக்கு வாய் திறக்கவில்லை. மடியில் ஏறியிருந்து கதை கேட்ட பிள்ளைக்கும் அப்பாவுக்கும் இடையில் இருந்த பகிடி, பிள்ளைக்கு 13, 14 வயது வந்ததும் பல வீடுகளில் மெல்ல ஓய்ந்துபோகிறது. அப்பா பழைய பகிடியையே திரும்பவும் சொல்கிறார். பிள்ளை சிரிக்கத்தான் செய்கிறது. ஆனால் கண் வேறெங்கோ பார்க்கிறது.

உலகத்தைச் சிரிக்கவைத்த ஒருவரின் வீட்டுக்குள் இது எப்படி நடந்தது என்பதை அறிந்துகொள்ள நமக்கு ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது. அந்த வீட்டில் தகப்பனும் எழுதிவைத்தார், மகளும் எழுதிவைத்தாள். தகப்பன், மார்க் ட்வைன் என்று இலக்கிய உலகம் அறிந்த சாமுவேல் கிளெமன்ஸ். மகள், அவருடைய மூத்த பெண் சூசி. இலங்கை வாசகர்களாகிய நமக்கு இந்தக் கதையில் இன்னொரு காரணத்தாலும் அக்கறை உண்டு. அதன் ஓர் அத்தியாயம் கொழும்புக் கோட்டையில் நடக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

ட்வைன் 1835 இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பிறந்தவர். மிசிசிப்பி நதியில் நீராவிப் படகோட்டியாகவும், பிறகு பத்திரிகையாளராகவும் இருந்து பெயர்பெற்றவர். 1870 இல் ஒலிவியா லாங்டன் என்ற பெண்ணை மணந்தார். லிவி என்பது வீட்டுப்பெயர். முதற் பிறந்த ஆண்குழந்தை இரண்டு வயது நிறையுமுன்பே இறந்துவிட்டது. 1872 மார்ச்சில் சூசி பிறந்தாள். 1874 இல் கிளாராவும் 1880 இல் ஜீனும் பிறந்தார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் ஹாட்போர்ட் நகரில் அவர்கள் கட்டிய பெரிய வீட்டில் 1874 முதல் 1891 வரை குடும்பம் வாழ்ந்தது. கோடைகாலத்தில் மட்டும் நியூயோர்க் மாநிலத்து எல்மைராவில், லிவியின் சகோதரியுடைய பண்ணைக்குப் போவார்கள். 'ஹக்கிள்பெரி பின்' நாவலின் பெரும்பகுதி எழுதப்பட்டது அந்தப் பண்ணையில்தான்.

அது பிள்ளைகள் தகப்பனுக்கு அஞ்சி நடக்கவேண்டும் என்று கருதப்பட்ட காலம். ட்வைனின் சொந்தத் தகப்பனார் அப்படிப்பட்டவர். சிரிப்பென்றால் என்னவென்று அறியாத, கண்டிப்பான மனிதர். அந்த வீட்டில் வளர்ந்தவர் தன் வீட்டை எதிர்மாறாக நடத்தினார் எனலாம். ஹாட்போர்ட் வீட்டு நூலக அறையில் கணப்படுப்பின் மேற்றட்டிலும் இரு பக்கங்களிலும் அழகுப் பொருட்களும் படங்களும் வரிசையாக இருந்தன. ஒரு கோடியில் பூனைத் தலை ஒன்றின் ஓவியம். மறுகோடியில் எமலீன் என்று அவர்கள் பெயரிட்டிருந்த ஒரு பெண்ணின் படம். பிள்ளைகள் கதை கேட்பார்கள். கதை பூனையில் தொடங்கவேண்டும், எமலீனில் முடியவேண்டும், இடையிலுள்ள ஒவ்வொரு பொருளும் இருக்கும் வரிசைப்படியே கதைக்குள் வரவேண்டும். ஒன்றைத் தாண்டிப்போகவோ முன்பின்னாக மாற்றவோ அனுமதி இல்லை. நேற்றுச் சொன்ன கதையை இன்று சொல்லவும் கூடாது. உலகின் மிகக் கடுமையான பத்திராதிபர்கள் இந்தச் சிறுமிகள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

1876 இல் ட்வைன் ஒரு கொப்பியைத் தொடங்கினார். சூசியும் கிளாராவும் வாய்க்கு வந்தபடி சொல்லும் பேச்சுக்களையும் அவர்களுடைய சின்னச் சின்ன அசட்டுத்தனங்களையும் அதில் குறித்துவந்தார். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இது நடந்தது. குழந்தையின் மழலையை எழுதிவைக்கும் பெற்றோர் எங்கும் உண்டு. அதில் புதுமை இல்லை. புதுமை 1885 மார்ச்சில் நடந்தது. சூசிக்கு அப்போது 13 வயது. அவள் ஒரு கொப்பி எடுத்து, இரவில் தன் அறையில், யாருக்கும் சொல்லாமல், தகப்பனின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினாள். இவ்வளவு காலமும் அவர் அவளைக் கவனித்து எழுதினார். இனி அவள் அவரைக் கவனித்து எழுதுவாள்.

ஒளித்து வைத்த கொப்பியைத் தாய் கண்டுபிடித்து, இரகசியமாகக் கணவனுக்குக் காட்டிவிட்டார். தமக்குக் கிடைத்த பாராட்டுக்களில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை என்று ட்வைன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கொப்பி வெறும் புகழ்மாலை அல்ல. அப்பாவின் நரைத்த சுருட்டை மயிர், மூக்கு, நீலக் கண், மீசை எல்லாவற்றையும் அழகென்று வருணித்துக்கொண்டே வந்து, பல் மட்டும் அவ்வளவு விசேடமில்லை என்று ஒரு போடு போடுகிறாள். கோபக்காரர் என்று எழுதிவிட்டு, எங்கள் குடும்பத்தில் எல்லோருமே அப்படித்தான் என்று சமாதானமும் சொல்கிறாள். தாய்க்கும் தகப்பனுக்கும் உள்ள வேறுபாட்டை, ஒழுக்கம் ஒருவர் பக்கம், பூனை மற்றவர் பக்கம் என்று பங்கிட்டுக் காட்டுகிறாள்.

இன்னோரிடம் இதைவிட நுட்பமானது. ட்வைனுக்குத் தேவாலயத்துக்குப் போவதில் விருப்பமில்லை. ஏன் என்று மகள் யோசிக்கிறாள். பிறர் பேசுவதைக் கேட்கத் தன்னால் முடியாது, தான் பேசுவதையென்றால் மணிக்கணக்காகக் களைப்பில்லாமல் கேட்பேன் என்று அவர் அவளிடம் சொல்லியிருந்தார். அதைப் பகிடியாகத்தான் சொன்னார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பகிடிக்கு அடியில் உண்மை இருப்பதில் தனக்குச் சந்தேகமில்லை என்றும் அவள் எழுதிவைக்கிறாள். ஒரு நகைச்சுவையாளனைப் பற்றி விமர்சகர்கள் பல பக்கங்களில் சொல்லப் பாடுபடுவதை 13 வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. அவர் பகிடியை வெறும் பகிடியாக எடுத்துச் சிரிப்பது குழந்தை. அதற்குள் ஒளிந்திருக்கும் மனிதனைக் கண்டு சிரிப்பது வளர்ந்த பிள்ளை. சூசி இந்த இரண்டாவது சிரிப்புக்கு வந்துவிட்டிருந்தாள்.

கொப்பி எழுதப்படுவது தெரிந்தபின் ட்வைன் சும்மா இருப்பாரா? காலை உணவின்போது அதற்கென்றே சில வாசகங்களை உதிர்க்கத் தொடங்கினார். ஒருநாள் இவ்வாறு அவர் தம் திறமையைக் காட்டிக்கொண்டிருக்க, அப்பா இதை வரலாற்றுக்காகச் செய்கிறார் என்று சூசி தாயின் காதில் ஓதினாள். இருபது வருடம் கழித்து இதைச் சொல்லும்போது, பிடிபட்டுப்போன கள்வனின் மகிழ்ச்சி அவர் பேச்சில் தெரிகிறது.

அந்த வீட்டின் பகிடி மேடை இன்னொன்றும் உண்டு. ட்வைன் எழுதிய ஒவ்வொன்றையும் அச்சுக்குப் போகுமுன் லிவி வாசித்துத் திருத்துவார். சூசி இதற்குப் பயன்படுத்தும் கடினமான ஆங்கிலச் சொல்லைப் பிழையாகவே எழுதியிருக்கிறாள். 'ஹக்கிள்பெரி பின்' கையெழுத்துப் பிரதியைத் தாய் வாசிக்கும்போது சூசியும் கிளாராவும் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள். ஏதாவது ஒரு தாளின் மூலையைத் தாய் மடித்தால் அவர்களுக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். அங்கே படுமோசமான, ஆகவே மிகவும் சுவையான ஒரு பகுதி இருக்கிறது, அது வெட்டுப்படப்போகிறது என்று அர்த்தம். அப்படியொரு பகுதி போய்விட்டால் புத்தகமே பாழாகிவிடும் என்று இருவரும் கலங்கினார்களாம். ஆனால் நாளடைவில் அம்மா நினைத்ததே சரி என்று தமக்கும் தோன்றியதாகச் சூசி எழுதுகிறாள்.

ட்வைன் இதற்குத் தரும் விளக்கம் வேடிக்கையானது. லிவி வெட்டவேண்டும் என்பதற்காகவே அவர் சில இடங்களில் வேண்டுமென்று முரட்டுத்தனமான பகுதிகளைச் செருகுவாராம். வெட்டும் நேரம் வந்ததும் பிள்ளைகள் கெஞ்சுவார்கள். தாமும் அவர்களோடு சேர்ந்து மன்றாடுவார். மூவருக்கு எதிராக ஒருவர். சிலவேளைகளில் லிவி இரங்கிவிடுவார். வீடே வெற்றி கொண்டாடும். பிறகு அவரே தனிமையில் அந்தப் பகுதியை வெட்டிவிடுவார். தணிக்கை செய்யும் மனைவி, நசுக்கப்பட்ட மேதை என்றெல்லாம் பிற்காலத்து ஆய்வாளர்கள் சிலர் லிவிமீது பெரும் பழி சுமத்தினார்கள். அந்த மேசையைச் சுற்றி நடந்தது ஒரு குடும்பக் கூத்து என்பதையும், அதில் லிவிக்கும் வேடம் இருந்தது என்பதையும் அவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

விருந்தினர் வந்துபோனபின் ட்வைன் சாப்பாட்டு மேசையில் நடந்துகொண்ட முறை பற்றி லிவி மெல்லக் கண்டிப்பதுண்டு. அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'தூசு தட்டுதல்'. பின்னர் விருந்து நடக்கும்போதே கணவனை எச்சரிக்க லிவி சில குறிப்புச் சொற்களை ஏற்பாடு செய்தார். மகள்மார் அதை அறிந்து, ஒரு திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து, எந்தச் சொல் எப்போது வருகிறது என்று காதுகொடுத்துக் கேட்டு இரசித்தார்கள். அப்பாவின் தவறுகள் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கும் வீடுகள் உண்டு. இங்கே அவையே பிள்ளைகளின் பொழுதுபோக்கு.

இதுவரை சொன்னது இனிமையான பக்கம். மறுபக்கமும் அதே கொப்பியிலேயே தொடங்கிவிடுகிறது. அப்பா எழுதியவற்றுள் சூசிக்கு மிகவும் பிடித்தது 'இளவரசனும் ஏழையும்'. 1881 இல் வெளிவந்த அந்த நூலை ட்வைன் சூசிக்கும் கிளாராவுக்குமே சமர்ப்பணம் செய்திருந்தார். பிள்ளைகள் அதை வீட்டில் நாடகமாகவும் நடித்தார்கள், சூசிதான் இளவரசன். அந்த நூல் அப்பாவின் கனிவான இயல்பைக் காட்டுகிறது, மற்றவர்களோ அவரைச் சிரிப்புக்காரராக மட்டுமே அறிந்திருக்கிறார்கள் என்பது அவளது மனக்குறை. அவர் மனம்விட்டு ஆழமாகப் பேசுவதைக் கேட்டவள் அவள். பகிடி வீட்டுக்குரியது, உலகத்துக்குப் பெரிய எழுத்தாளன் தெரியவேண்டும். ஒரு மகளின் அன்பு போகும் வழி இது. ஆனால் ஒரு நகைச்சுவை எழுத்தாளனுக்கு இது எவ்வளவு சங்கடமான அன்பு!

இந்த இடத்தில் ஒரு பேய்க்கதையைப் பற்றிச் சொல்லவேண்டும். 'தங்கக் கை' என்பது அதன் பெயர். இறந்த மனைவியின் தங்கக் கையைக் கல்லறையைத் தோண்டி எடுத்துவரும் பேராசைக் கணவன். காற்றும் மழையுமான இரவு. என் கையை யார் எடுத்தது என்று கேட்டுக்கொண்டு நெருங்கிவரும் குரல். கதைசொல்பவர் குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி வந்து, சரியான இடத்தில் நிறுத்தி, சபையில் மிகவும் பயந்துபோயிருக்கும் ஒருவரைப் பார்த்துத் திடீரென்று பாய்ந்து கத்தவேண்டும். சிறுவயதில் தமது மாமனின் பண்ணையில், அடிமையாக இருந்த டானியல் என்ற கறுப்பின முதியவர் அடுப்பங்கரையில் இதைச் சொல்ல ட்வைன் கேட்டிருந்தார். கதைசொல்லும் கலையில் தமக்கு ஆசான் அவரே என்ற உணர்வு ட்வைனுக்கு இருந்தது. அந்தக் கதையின் உயிர் நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. இமைப்பொழுது கூடினாலும் குறைந்தாலும் கெட்டுவிடும் என்று 1895 இல் ஒரு கட்டுரையிலும் விளக்கினார்.

1885 வசந்தகாலத்தில் ட்வைன் வாஸர் என்ற பெண்கள் கல்லூரியில் தம் படைப்புக்களை வாசிக்கப்போனபோது சூசியையும் அழைத்துச்சென்றார். அன்று 'தங்கக் கை'யையும் சொன்னார். அவள் கொப்பியில் இதுபற்றிய குறிப்பு இருக்கிறது. முன்பு வீட்டில் சொல்லி அவளைத் திடுக்கிட வைத்திருந்தாராம். ஆகவே இம்முறை அசையவே கூடாது என்று உறுதியெடுத்து இருந்தாளாம். இருந்தும் பாயும் இடம் வந்ததும் அவளும் துள்ளினாள். மண்டபம் முழுவதும் ஒன்றாகத் துள்ளியது. அவ்வளவு பேரையும் அப்பா ஒரே நேரத்தில் தூக்கிப்போட்டதில் அவளுக்குப் பெருமை. 13 வயது.

ஐந்து வருடம் போனது. 1890 இலையுதிர்காலத்தில் சூசி பென்சில்வேனியாவிலுள்ள பிரின் மோர் கல்லூரியில் சேர்ந்தாள். அதுவும் பெண்கள் கல்லூரி. கல்வித்தரத்தில் உயர்ந்தது, உயர்குடிப் பெண்கள் படித்தது. அங்கே அவள் சூசி அல்ல. தன் முழுப்பெயரின் முற்பகுதியாகிய ஒலிவியா என்ற பெயரையே வழங்கினாள். 1891 மார்ச்சில் தகப்பன் அங்கு வாசிப்பு நிகழ்ச்சிக்கு வந்தார். 'தங்கக் கை'யை மட்டும் சொல்லவேண்டாம் என்று மகள் முன்கூட்டியே கெஞ்சிக் கேட்டிருந்தாள். அவரும் சரியென்றிருந்தார். ஆனால் மேடையில், நிகழ்ச்சியின் முடிவில், அதையே சொல்லத் தொடங்கிவிட்டார். சூசி எழுந்து, இருக்கைகளுக்கு இடைப்பட்ட வழியால், அழுதுகொண்டு வெளியே ஓடினாள். உடன் படித்த ஒரு பெண் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவுக்குறிப்பால் இது தெரியவந்தது. வேறொரு வகுப்பறையில் அழுதுகொண்டிருந்த மகளைத் தேடிவந்து, மேடையில் நின்றபோது தன்னால் வேறொன்றும் நினைக்க முடியவில்லை என்று தகப்பன் ஆறுதல் சொன்னாராம்.

அதே கதை. அதே தகப்பன். சபையும் ஏறக்குறைய அதே சபைதான். மாறியது மகளின் வயது மாத்திரம். இதில் யார் பக்கம் நிற்பது? வாக்குக் கொடுத்துவிட்டு மீறியது தவறு. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஓர் அடிமையிடம் கேட்ட கிராமத்துப் பேய்க்கதை கற்றறிந்த சீமாட்டிகளின் முன் சொல்லத்தக்கதல்ல என்று மகள் நினைத்திருந்தால், அந்த இடத்தில் என் அனுதாபம் தகப்பனோடுதான். அதேவேளை, அவளுக்குக் கதையின்மீது வெறுப்பில்லை என்றும் தோன்றுகிறது. வீட்டுச் சிரிப்பு அவளுடையது. மண்டபத்தில் எழும் சிரிப்பில் அவளுக்குப் பங்கில்லை. அங்கே அவள் மகளல்ல, காட்சிப்பொருளின் ஒரு பகுதி. குடும்ப நண்பராகிய எழுத்தாளர் கிரேஸ் கிங்கிடம் ஒருமுறை அவள் மனம் வெடித்துப் பேசியிருக்கிறாள். மார்க் ட்வைன் என்ற அந்தப் பெயரையே தான் வெறுப்பதாகவும், வேடிக்கைப் பேச்சுக்காரர் என்பதற்கு மேல் மக்கள் அவரிடம் எதையும் காண்பதில்லை என்றும் சொன்னாளாம்.

தகப்பன் இதை உணரவில்லை என்று சொல்வதற்கில்லை. 1891 யூனில் குடும்பம் ஹாட்போர்ட் வீட்டைப் பூட்டிவிட்டு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. அச்செழுத்துக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் ட்வைன் பெரும்பணத்தைக் கொட்டி இழந்துகொண்டிருந்தார். வீட்டை நடத்தக் கட்டவில்லை. 1892 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கருகே ஒரு மாளிகையில் தங்கியிருந்தபோது அவர் ஜோன் ஒஃப் ஆர்க் பற்றிய வரலாற்று நாவலை எழுதலானார். எழுதியதை மாலைவேளைகளில் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டினார். சூசியின் சாயல் ஜோன் பாத்திரத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். 1895 இல் அது சஞ்சிகையில் தொடராக வந்தபோது ஆசிரியர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. மார்க் ட்வைன் என்ற பெயரைக் கண்டால் வாசகர் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள் என்ற பயம். மகள் வெறுத்த அந்தப் பெயரைத் தகப்பனே ஒருமுறை கழற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்! அந்நூலைத் தம் படைப்புக்களில் சிறந்ததென்று அவர் கடைசிவரை நம்பினார். பிற்கால வாசகர்கள் அதற்கு உடன்படவில்லை. நானும் உடன்படமாட்டேன். ஹக்கிள்பெரி இருக்கும்போது அது எப்படி? ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டு வாசித்தால் அதைக் குறைத்துப் பேசவும் மனம் வருவதில்லை.

1894 இல் அவருடைய பதிப்பகம் முறிந்தது. கடனைத் தீர்க்க, 59 வயதில், உலகம் சுற்றிப் பேசிப் பணம் தேடப் புறப்பட்டார். அதாவது மகள் எதை வெறுத்தாளோ அதையே மீண்டும் செய்யப் புறப்பட்டார். 1895 யூலையில் எல்மைரா புகையிரத நிலையத்தில் சூசி கையசைத்து வழியனுப்பினாள். அவளும் ஜீனும் அங்கேயே தங்க, ட்வைனோடு லிவியும் கிளாராவும் போனார்கள்.

அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முடித்து 1896 சனவரி நடுப்பகுதியில் கப்பல் கொழும்பை அடைந்தது. ஹோட்டல் பிறிஸ்டலில் தங்கினார்கள். ஒரு நாள்தான், பிறகு பம்பாய்க்குக் கப்பலேற வேண்டும். (கல்கத்தாவிலிருந்து மொரிஷியஸ் போகும் வழியில் மீண்டும் இரண்டு மூன்று நாள் இலங்கையில் நின்றார்கள்.) அந்த முதல்நாள் பற்றி அவருடைய பிரயாண நூல் சொல்வதில், தெருவில் அவர் கண்ட நிறங்களே முக்கியமானவை. கொண்டை முடித்து ஆமையோட்டுச் சீப்புச் செருகிய சிங்கள ஆண்கள், பட்டும் பருத்தியுமாய் ஒவ்வொருவர் உடையிலும் வேறுவேறு நிறக்கலவை. அதைப் பார்த்து அவர் மயங்கி நிற்கும்போது மிஷன் பாடசாலை ஒன்றிலிருந்து 16 சிறுமிகள் வரிசையாக வெளியே வருகிறார்கள். எல்லோருக்கும் ஐரோப்பியச் சட்டை. அந்த உடையின் அலங்கோலத்தை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற தம் வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார். அவர்கள் அணிந்திருப்பதும் அதே சட்டையின் பெரிய அளவுதான். அவர்களோடு தெருவில் நிற்க வெட்கமாகிவிடுகிறது. பிறகு குனிந்து தம் உடையைப் பார்க்கிறார். தம்மோடு தாமே நிற்க வெட்கமாகிவிடுகிறது.

அவ்வாறு பகிடிக்கு ஆளான வீட்டுப் பெண்களில் ஒருத்தி 21 வயதுக் கிளாரா. கிளாரா அக்காவைப் போலல்ல. அப்பாவின் பகிடிக்கு முன்னால் கூசிப்போகாமல், பதிலுக்குப் பதில் நின்றவள் என்பது 1931 இல் அவள் தகப்பனைப் பற்றி எழுதிய நூலை வாசிக்கும்போது தெரிகிறது. ஒரே வீட்டில், ஒரே பகிடியைக் கேட்டு வளர்ந்த இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமானார்கள்.

கொழும்பைப் பற்றிய இந்தப் பக்கங்களை வாசிக்கும் நம்மவர் பலர் அறியாத ஒன்று உண்டு. பயணம் 1896 யூலையில் தென்னாபிரிக்காவில் முடிந்து, மூவரும் இங்கிலாந்து வந்து, சூசியும் ஜீனும் வந்துசேரக் காத்திருந்தார்கள். வந்தது சூசிக்குச் சுகமில்லை என்ற செய்தி. லிவியும் கிளாராவும் உடனே கப்பலேறினார்கள். ட்வைன் கில்ட்போர்ட் என்ற ஊரில் தனியே இருந்தார். ஓகஸ்ட் 18 ஆந் திகதி ஹாட்போர்டில், பூட்டிக்கிடந்த அந்தப் பழைய வீட்டில், மூளைக்காய்ச்சலால் சூசி இறந்துபோனாள். வயது 24. தந்தி கில்ட்போர்டுக்கு வந்தபோது தாயும் தங்கையும் இன்னும் அத்திலாந்திக் கடல் நடுவே இருந்தார்கள். அதன்பின் குடும்பம் லண்டனின் செல்சிப் பகுதியில் ஒரு வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தது. அந்த வீட்டில் அமர்ந்து, 1896 இலையுதிர்காலம் முதல் 1897 மே வரை, ட்வைன் பிரயாண நூலை எழுதினார். கொழும்புத் தெருவில் தம் பெண்களின் சட்டையைப் பார்த்து அவர் வெட்கப்படும் அந்தப் பகிடி அப்போது எழுதப்பட்டது. கடன்காரருக்குப் பணம் கொடுக்கவேண்டும். சிரிப்புத்தான் விலைபோகும் சரக்கு. 1898 இல் கடன் முழுவதும் அடைபட்டது. ஹாட்போர்ட் வீட்டில் அவர்கள் மீண்டும் குடியிருக்கவில்லை; 1903 இல் அதை விற்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு லிவியும் இறந்தார்.

1906 இல், 70 வயதில், ட்வைன் தம் சுயசரிதையைச் சொல்லச்சொல்ல எழுதுவித்தார். அப்போது சூசியின் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவள் எழுதியதில் ஒரு பகுதியை வாசிப்பார். பிறகு அதற்குத் தம் விளக்கத்தைச் சொல்வார். அவள் பல்லைப் பற்றிச் சொன்னதற்குப் பதில், தாள் மூலை மடித்ததற்குப் பதில், தேவாலயத்துக்குப் பதில். எழுத்துப்பிழை ஒன்றையும் திருத்த மறுத்துவிட்டார். மகள் இறந்து பத்து வருடமான பின்பு தகப்பனும் மகளும் பகிடி பேசிக்கொள்ளும் அந்தப் பக்கங்கள் 1906 இலும் 1907 இலும் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் வெளியாயின. சூசியின் கொப்பி முழுமையாகத் தனி நூலாக அச்சேறியது 1985 இல். அவள் எழுதத் தொடங்கிச் சரியாக நூறு வருடம்.

கொப்பி 1886 கோடையில் நிற்கிறது. குடும்பம் ட்வைனின் வயதான தாயாரைப் பார்க்க அயோவா மாநிலத்திலுள்ள கியோகக் நகருக்குப் போயிருந்தது. அங்கு வந்துசேர்ந்ததை எழுதத் தொடங்கியவள், பயணம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லும் பெயரடைவரை வந்துவிட்டு, யாரோ கூப்பிட்டு எழுந்துபோனவளைப் போல, வாக்கியத்தை அங்கேயே விட்டிருக்கிறாள். வயது 14. ட்வைன் அதையும் அப்படியே விட்டுவிட்டார்.